மருந்து வேட்டி

நிலக்கோட்டைக்குக் கிழக்கே மல்லிகைக் காட்டுக்காரர்களிடம் போய், சங்கிலி வீடு எது என்று கேட்டால், "எந்தச் சங்கிலி, மருந்துச் சங்கிலியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பக்கம் காய்ச்சலுக்குக் குடிப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர், செடியில் பூச்சிக்கு அடிப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர். பூச்சிக்கொல்லி என்று நீட்டி முழக்க யாருக்கு நேரம்? மொட்டில் புழு விழுந்துவிட்டது என்றால் சங்கிலிக்கு ஆள் போகும். பழைய வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை மூக்கில் சுற்றி, மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். பதினெட்டு வயதில் மாட்டிய டேங்க். இப்போது வயது நாற்பத்தொன்று. டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளி உட்காருவான். "ஏலே, ஒன்னையக் கடிச்சா கொசுதான்டா சாகும்" என்று கேலி பேசுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்த வாடை அவன் மூக்குக்குத் தெரியாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இப்பேர்ப்பட்ட ஆள் பெண்பிள்ளைக்குக் கால் கழுவி விடுகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆனால் அவன் கதை அப்படி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று ஆறாம் மாதம். மூன்றாவதாகத் தங்கியவள்தான் தமிழ்நிலா. அவன் பெண்டாட்டி கௌசல்யா விடியுமுன்னே பூப்பறிக்கப் போய்விடுவாள், திரும்ப எட்டு மணி ஆகும். அதுவரை பிள்ளை அவன் பொறுப்பு. "ஆம்பள செய்ற வேலையாடா இது?" என்று கேட்டவனிடம், "எம்புள்ளைக்கு நான் செய்யாம ஒங்கப்பனா வந்து செய்வான்?" என்று எகிறினான். வாய் அப்படிப் பேசுமே தவிர, உள்ளுக்குள் ஒரே நடுக்கம். பிள்ளை கொஞ்சம் அதிகமாகத் தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பான். இதுவும் போய்விடுமோ என்ற பயம் அவனை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை.

பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது ஒட்டன்சத்திரத்தில் கௌசல்யாவின் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பஸ்ஸில் நனைந்துவிடக் கூடாது என்று பிள்ளைக்கு டயபர் போட்டுக் கொண்டுபோனார்கள். மாமன், அத்தை, சித்தி என்று மடிக்கு மடி கை மாறியதில் யாருக்கும் அதன் ஞாபகமே இல்லை. காலையில் போட்டதைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் கழற்றினார்கள். தொடை இடுக்கும் பின்பக்கமும் செக்கச்செவேல் என்று தடித்துப்போயிருந்தன.

தேங்காய் எண்ணெய் தடவினார்கள். பவுடர் கொட்டினார்கள். மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு வெள்ளைக் களிம்பு வாங்கிப் போட்டார்கள். இரண்டு நாள் தணியும், டயபர் போட்டால் திரும்பவும் கிளம்பும். விடாப்பிடியான புண்.

பக்கத்து வீட்டு செபஸ்தியம்மாள் வந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். நாலு பிள்ளை வளர்த்தவள். "ஏப்பா சங்கிலி, அந்தப் பிளாஸ்டிக்க மொதல்ல தூக்கி எறி. பச்சப்புள்ளைக்கு ஆகுறது பழைய வேட்டித் துணிதான். அப்பன் வேட்டியக் கிழிச்சுக் கட்டு, பஞ்சு கெணக்கா இருக்கும். ஒரு வாரத்துல ஆறிப்போகும்."

அவள் சொன்னதில் குற்றமே இல்லை. பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில் ஏந்துவதுதான் வழக்கம். புதுத்துணி உறுத்தும். ஆனால் சங்கிலி கட்டிய வேட்டி எப்பேர்ப்பட்ட வேட்டி என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. அதுதான் கொடுமை.

விசேஷத்துக்குக் கட்ட அவனிடம் இரண்டு பாலியஸ்டர் வேட்டி இருந்தன. அது பிள்ளைக்கு ஆகாது. நூல் வேட்டி என்று வீட்டில் இருந்தவை நான்கு. நான்கும் வேலைக்குக் கட்டுபவை. பத்து வருஷம் துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தன. அண்டாவில் சோப்புப் போட்டு வேகவைத்தான். இரண்டு தடவை அலசினான். மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயப் போட்டான். அப்புறம் சதுரம் சதுரமாகக் கையாலேயே கிழித்தான், கத்தரி வைத்தால் ஓரம் குத்தும் என்று. கரையைக்கூடத் தனியாக உரித்தெடுத்துவிட்டான். "தொட்டுப் பாரு கௌசி, எம்புட்டு மெதுவா இருக்கு!" என்று அவள் கன்னத்தில் வைத்துக் காட்டினான். அவளும் சிரித்தாள்.

டயபரை நிறுத்தியதால் முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. சங்கிலிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாளிலிருந்து புண் பரவத் தொடங்கியது. துணி ஈரமாகவே இருக்கிறதோ என்று இன்னும் அடிக்கடி மாற்றினான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து, சுத்தமாகத் துவைத்த துணியை எடுத்து எடுத்துக் கட்டினான். அந்தப் பாவி மனுஷன் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்தப் புண்ணுக்குள்தான் இறங்கியது, என்னத்தைச் சொல்ல!

தோல் உரிந்தது. பிள்ளைக்கு வயிறும் போனது. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. "பல்லு மொளைக்கப் போகுது, அதான்" என்றாள் கௌசல்யா. எட்டாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. புண்ணில் தண்ணீர் பட்டால் வீடே அதிரக் கத்துகிறவள், அன்றைக்குக் கழுவும்போது சத்தமே காட்டாமல் துவண்டு கிடந்தாள். சங்கிலி அவள் கன்னத்தைத் தட்டினான். "அழு ஆத்தா, அப்பனுக்காக ஒரு தடவை அழுதுரு" என்று கெஞ்சினான். அவள் அழவில்லை. அதே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் திண்டுக்கல் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையைப் படுக்கவைத்து, கண் இமையைத் தூக்கி லைட் அடித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"புண்ணுல என்ன மருந்து போட்டீங்க?"

"கடையில குடுத்த களிம்பு, தேங்காண்ண. அம்புட்டுத்தான் டாக்டரம்மா."

"வேற மருந்து ஏதும் படலையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லம்மா. எம்புள்ள மேல நான் எதையும் பட விடமாட்டேன்."

அவள் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். என்ன நினைத்தாளோ, மூக்கருகே கொண்டுபோய்விட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பினாள். "என்ன துணி இது?"

"என் வேட்டிதான்மா. பழசு. நல்லா வேகவச்சுத் தொவச்சதுதான்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மருந்தடிக்கிறேன்" என்றான் சங்கிலி.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. இருபத்து மூன்று வருஷமாக ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டுக் கத்துவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தெரிந்தது.  அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

மூன்று நாள் ஊசியும் குழாயுமாகப் போனது. அவன் வார்டுக்குள் கால் வைக்கவில்லை. கௌசல்யா கூப்பிட்டதற்கு, "நான் வரல, எம்மேல என்ன இருக்குதோ" என்று வராந்தாவிலேயே நின்றான். நாலாம் நாள் காலையில் பிள்ளை அழுத சத்தம் வெளியே கேட்டது. சாமி, சாமி என்று தலையில் கை வைத்துக்கொண்டு தேம்பினான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து, புண்ணைப் பார்த்துக்கொள்ளும் முறையைச் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். களிம்பைக் கனமாகப் பூச வேண்டும். பகலில் துணியே இல்லாமல் காற்றாட விட வேண்டும். பவுடர் கூடவே கூடாது. கட்டுவதற்கு மெல்லிய புது மல்துணி வாங்கி அலசிக்கொள்ள வேண்டும். அப்புறம் கேட்டாள்: "இவரு வேலைத் துணியெல்லாம் யாரு தொவைக்கிறது?"

"நாந்தாம்மா. கல்யாணமானதுல இருந்து" என்றாள் கௌசல்யா.

"இனிமே நீங்க தொடாதீங்க. அந்த மருந்து வேகவச்சாலும் நூல விட்டுப் போகாது, தோல் வழியா உள்ள எறங்கிரும். இதுதான் மொதப் புள்ளையா?"

"மூணாவது. ரெண்டு வயித்துலயே போச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். சங்கிலி அவள் முகத்தையே பார்த்தான். "அதுக்கும் இதுக்கும் ஏதாவது...?" என்று இழுத்தான்.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது" என்றாள். மறுபடியும் எழுதக் குனிந்தவள், "இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றாள்.

பத்து நாளில் புண் ஆறிப் புதுத்தோல் வந்தது. செபஸ்தியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு வந்து அழுதாள். "நீங்க சொன்னது சரிதான்க்கா, வேட்டிதான் தப்பு" என்று அவன்தான் அவளைத் தேற்றி அனுப்பினான். கௌசல்யா பூப்பறிக்கப் போவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு எல்லாம் அவள்தான் செய்தாள். சங்கிலி எட்ட நின்று பார்ப்பான். வேறு தொழில் தெரியாது, மறுபடியும் டேங்கை மாட்டினான். திரும்பி வந்ததும் கொல்லைப்புறத்தில் தனி வாளி வைத்துத் தன் துணியைத் தானே துவைத்தான்.

ஒரு மத்தியானம் துவைத்துக்கொண்டிருக்கும்போது கௌசல்யா வந்து எதிரே குத்தவைத்தாள்.

"கிட்ட வராத" என்றான்.

"எட்டத்தான் இருக்கேன்." வாளியையே பார்த்தபடி பேசினாள். "ரெண்டாவது போயி நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்க. என்னைய ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தான்.

"'ஒன் வயித்துல என்னடி வெசமா இருக்கு, ஒண்ணும் தங்க மாட்டேங்குது'ன்னு கேட்டீங்க." அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஆறு வருஷமா நானும் அதையேதான் என்னையக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த ரெண்டு புள்ளையையும் நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

 தப்புதான் கௌசி என்று சொல்லச் சங்கிலி வாயெடுத்தான். எந்தத் தப்பு, வேட்டியா, வார்த்தையா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? வேட்டியாவது தெரியாமல் செய்தது.

 பிள்ளை முழித்துக்கொள்வாள் என்று அவள் எழுந்து உள்ளே போனாள். சங்கிலி அந்த வாளியின் முன்னாலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.