லாரிக்காரனை வரைந்த கை

அண்ணனுக்கு வாங்கிக்கொடுத்த காமிக்ஸ்களை அவனைவிட அதிகமாகப் படித்தவள் நான். அதில் ஒரு லாரிக்காரன் வருவான். தலையில் உருமால் கட்டி, சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருப்பான். திம்பம் மலைப்பாதையில் சரக்கு ஏற்றிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு களவோ கொலையோ அவன் கண்ணில் படும். போலீஸ் மேலே ஏறி வருவதற்குள் அவனே துப்புத் துலக்கிவிட்டு அடுத்த வளைவில் போய்க்கொண்டிருப்பான். ஓவியரின் பெயர் முதல் பக்கத்தில் எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நானும் அண்ணனும் கதைக்குள் போவோம்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். சிங்காநல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அண்ணன் அந்தப் புத்தகங்களையெல்லாம் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் இடங்களுக்குப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போவேன். அங்கே ஓவியர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாம் காகிதத்தை நீட்டினால், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு நம் கண்ணெதிரே வரைந்து கொடுப்பார்கள். வெள்ளைத்தாளில் முதலில் ஒன்றும் புரியாத நாலு கோடு விழும். பிறகு சட்டென்று ஒரு முகம் நம்மைப் பார்க்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் பஸ் ஏறிப் போனேன். அப்படி வாங்கியவற்றை ஒரு பெரிய ஆல்பத்தில் சேர்த்து வைத்திருந்தேன். சிலரிடம் அச்சுக்குப் போன அசல் பக்கங்களையே விலைக்கு வாங்கினேன். அச்சில் தெரியாத பென்சில் கோடுகளும், வெள்ளை மை வைத்துத் திருத்திய இடங்களும் அதில் தெரியும். தவறிப்போன கோட்டைக்கூடப் பார்க்க முடிவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

"நகைச் சீட்டுக் கட்டறவங்களப் பாத்திருக்கேன், காயிதத்துக்குச் சீட்டுக் கட்டறவளை இப்பத்தான் பாக்கறேன்" என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் தடுத்ததில்லை.

லாரிக்காரனை வரைந்தவருடைய படம் மட்டும் என்னிடம் இல்லை. அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவருடைய அசல் பக்கங்களை அச்சகத்தார் திருப்பித் தரவே இல்லை என்றும், எல்லாம் எடைக்குப் போய்விட்டது என்றும் சொன்னார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்கள் வாட்ஸப் குழுவில் பலருக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தியூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர்தான் அந்தக் குழுவை நடத்தினார். ஒருநாள் அவர் செய்தி போட்டார். ஐயா பெருந்துறையில் இருக்கிறார், மகனுடைய எண் கிடைத்துவிட்டது, கேட்டால் புதிதாக வரைந்து அனுப்புகிறார்கள்.

நான் உடனே பணம் அனுப்பிக் கேட்டேன். கொஞ்ச நாளில் கூரியரில் வந்தது. மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் லாரி திரும்புகிறது, கதவின் மேல் ஒரு கையை ஊன்றி அவன் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறான். அதே உருமால், அதே முறைப்பு. நான் கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன். மாத்திரை வாங்க வந்தவர், "ஏனுங்க, எதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

நன்றி சொல்ல நேரில் போக வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய லைன் வீடு. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தார்.

"வாங்க அம்மணி, வாங்க. கோயமுத்தூர்லருந்து இத்தனை தூரம் வந்தீங்களாக்கு? படம் வந்து சேந்துச்சுங்களா?"

"வந்துதுங்கய்யா. சின்ன வயசுல பாத்த மாதிரியே இருக்குதுங்க."

மகன் காப்பி கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை. எனக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு அவர் வாயருகே கொண்டுபோனார். அப்போது அந்த வலது கை வெளியே வந்தது. அது ஆடியது. அவருடைய உடம்போடு சேராத வேறு ஏதோ ஒன்றைப் போல ஆடியது.

ஜன்னல் கட்டையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. நான் தினமும் எடுத்துக்கொடுக்கிற மாத்திரைதான். நடுக்குவாதத்துக்குக் கொடுப்பது. அட்டையைப் பார்த்தாலே எத்தனை வருடத்து நோய் என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "காத்தால மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் கை நல்லா நிக்குமுங்க. அந்த நேரத்துல ஒக்காந்து போட்டுருவேனுங்க" என்றார்.

அப்படி நடக்கக்கூடியதுதான். நம்பலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டம்ளரைப் பிடித்திருந்த மகனுடைய நடுவிரலில் நகத்தை ஒட்டிக் கறுப்பு மை ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவருக்கு அந்த மை எங்கிருந்து வந்தது? அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபமே வரவில்லை. யார்மேல் வருவது என்று தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தியூர் வாத்தியார், ஓவியருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்க முடிவு செய்தார். காந்திபுரத்தில் ஓர் ஓட்டலின் மாடி ஹால். எல்லோர் முன்னாலும் ஐயா நேரடியாக வரைந்து தருவார் என்று அறிவிப்புப் போட்டுவிட்டார். நான் வாத்தியாருக்குப் போன் செய்தேன்.

"ஐயாவுக்கு ஒடம்பு முடியலீங்க. பாராட்டு மட்டும் பண்ணுங்க, வரையச் சொல்ல வேண்டாம்."

"அக்கா, வந்து ஒக்காந்து ரெண்டு கோடு போட்டாப் போதுங்க்கா. சனங்க அதுக்குத்தான் வர்றாங்க. அவரு மகன்கிட்டயும் பேசிட்டேன்."

"மகன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. அப்பாகிட்டக் குடுத்தாரு. ஐயா வாரேன்னுட்டாரு."

என்ன நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தர் வீட்டு மாத்திரை அட்டையில் பார்த்ததை இன்னொருத்தரிடம் சொல்லும் பழக்கம் என் தொழிலில் கிடையாது. திரும்பத் திரும்ப "முடியலீங்க, முடியலீங்க" என்றேன். அவர் "நாங்க பாத்துக்கறோம்க்கா" என்று வைத்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஓவியரே என்னைக் கூப்பிட்டார். குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"அம்மணி, நீங்க மருந்துக்கடைக்காரங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு மட்டும் ஒரு மாத்திரை சேத்திப் போட்டுக்கிட்டா கை நிக்குமுங்களா?"

"வேண்டாங்கய்யா. அது வேற மாதிரி ஆயிரும். டாக்டரைக் கேக்காம ஒண்ணும் பண்ணாதீங்க. வரலைன்னு சொல்லிருங்களேன்."

"எப்பிடீங்க சொல்றது? இத்தனை வருசத்துல என்னைய யாரும் இப்பிடிக் கூப்பிட்டதில்லீங்களே."

கைக்கெட்டும் தூரத்தில் கடை நிறைய மருந்து அடுக்கியிருந்தது. அதில் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

கூட்டத்தன்று ஹால் நிறைந்துவிட்டது. அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். வாத்தியார் நன்றாகவே பேசினார். லாரிக்காரனைப் படித்துத்தான் தனக்கு மலைப்பாதை என்றால் என்னவென்று தெரியும் என்றார். ஓவியர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அது ஆமோதிப்பா நோயா என்று எனக்கு மட்டும் குழப்பமாக இருந்தது. அதன் பிறகு மேசை போட்டார்கள். வரிசை வாசற்படி வரை நின்றது.

முதலில் நின்றவர் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் பெரியவர். கெட்டித்தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, நம்ம லாரிக்காரனை ஒண்ணு" என்று கைகட்டி நின்றார். ஓவியர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றும்போதே அது கீழே விழுந்து உருண்டது. மகன் குனிந்து எடுத்தார். எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

பேனா தாளில் பட்டதும் கை ஆடத் தொடங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஆடின. கோடு பாம்பு போல நெளிந்து நின்றது. அப்போது பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். தைரியம் கொடுக்கத்தான் தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நிறுத்த முடியாமல் நான் சுவரோரம் நின்றேன். அவருடைய முகம் சிவந்துகொண்டே போனது.

மகன் அப்பாவின் கைமேல் தன் கையை வைத்தார். "போதும்ப்பா."

"உடு. முடிச்சுட்டு வாரேன்."

முடித்தார். லாரி என்று நாமாகச் சொல்லிக்கொண்டால் லாரி. அதற்குள்ளே உருமால் கட்டிய ஒரு கலங்கல். எண்ணெய் மில்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "ரொம்ப சந்தோசமுங்க" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஓவியர் அடுத்த தாளுக்காகக் கையை நீட்டினார்.

யாரும் வரவில்லை. வரிசை அப்படியே கரைந்துவிட்டது. ஒருவருக்குப் போன் வந்தது, இன்னொருவர் டீ குடிக்கப் போனார். நீட்டிய கை மேசைமேல் ஆடிக்கொண்டிருந்தது. நான் என் தாளை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கலாம். போகத்தான் அடியெடுத்து வைத்தேன். அதற்குள் ஓர் இளைஞர் உரக்கக் கேட்டார்: "அப்ப போன மாசம் எனக்கு வந்த படத்தை யாரு வரைஞ்சது?"

மகன் நிமிர்ந்தார். "நான்தானுங்க."

வாத்தியார் என்னிடம் வந்தார். "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"வரையச் சொல்ல வேண்டாம்னு சொன்னேனுங்களே."

"இப்பிடின்னு சொல்லலியே" என்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. அவர் சொன்னதும் சரிதான்.

கால் டாக்ஸி வரும்வரை அப்பாவும் மகனும் படிக்கட்டுக்குக் கீழே நின்றார்கள். பொன்னாடை மகனுடைய தோளில் இருந்தது.

குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்தது. ஏமாற்று என்றார்கள் சிலர், பாவம் என்றார்கள் சிலர். பணத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் மகன் திருப்பி அனுப்பிவிட்டார். "எனக்கு வந்த படம் எனக்குப் பிடித்திருக்கிறது, நான் வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை. பிறகு வேறொரு பழைய புத்தகத்தின் மறுபதிப்பைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் பெருந்துறைக்குப் போனேன். அந்தப் படத்தையும் எடுத்துப் போயிருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அதைக் கண்ணருகே பிடித்துக் காட்டச் சொன்னார்.

"பையன் போட்டதுங்க அம்மணி" என்றார், இப்போது ஒளிக்காமல். "இந்தப் பின்சக்கரத்தைப் பாருங்க. கோணையா இருக்குதுங்களா?"

பார்த்தேன். அதுவரை நான் கவனிக்கவே இல்லை. சக்கரம் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது.

"எனக்குச் சக்கரம் எப்பவுமே நேரா வராதுங்க. எடிட்டரு திட்டிக்கிட்டே இருப்பாரு. இவனுக்கு நேரா வரும். காம்பஸ் வெச்ச மாதிரி வரும். என்ர படம்னு நம்போணும்னு கோணையாப் போட்டிருக்கான். என்ர தப்பையெல்லாம் படிச்சு வெச்சிருக்கான் பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பும் ஆடியது. மகன் அடுப்படியில் இருந்தார். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கிளம்பும்போது மகன் பஸ் நிறுத்தம் வரை வந்தார். பையில் கொண்டுவந்திருந்த நல்ல கெட்டித்தாள் ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

"உங்க பேர்ல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க."

"என்னத்தைங்க்கா போடறது?"

"உங்களுக்கு எது புடிக்குமோ அதை."

அவர் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். எனக்கு முன்னால் இரண்டு பஸ் போய்விட்டன.

"தெரியலீங்க்கா. ஒக்காந்தா லாரிதான் வருது. எனக்குன்னு ஒண்ணும் தோணமாட்டீங்குது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகவோ வருத்தமாகவோ கொடுக்கவில்லை. தன்னிடம் இல்லாத ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிறவரைப் போலக் கொடுத்தார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அப்பாவுக்கு மருந்து வாங்க மாதத்துக்கு ஒருமுறை அவர் என் கடைக்கு வருகிறார். விலையைக் குறைத்துக் கொடுக்கிறேன், என்னால் ஆனது அவ்வளவுதான். போனமுறை வந்தபோது டாக்டர் சீட்டில் மாத்திரை கூடியிருந்தது, இரண்டு மருந்து புதிதாகச் சேர்ந்திருந்தது. அப்பாவுக்கு விழுங்கச் சிரமமாக இருக்கிறதாம், பேச்சும் புரிவதில்லையாம். அப்படியென்றால் நோய் எங்கே வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அட்டைகளை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் பையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"இது எத்தனை நாளைக்குங்க்கா வரும்?"

அவர் மாத்திரையைக் கேட்கவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது மாத்திரைக் கணக்கு ஒன்றுதான்.

"ஒரு மாசத்துக்கு வருங்க" என்றேன்.

சரி என்று தலையசைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். அடுத்தவர் சீட்டை நீட்டினார்.