பூத்துவிட்ட வேலி

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட புதிதில், அங்கே காவலுக்கு இருந்தவர்களில் தங்கவேலுவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. ஏரியைத் தூர்க்கக் கூடை கூடையாக மண் சுமந்தவன்தான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். ஆனால் நரி ஊளையிட்டால் போர்வைக்குள் போய்விடுவான்.

அவனைக் காவலுக்கு வைத்தவர் மயிலாப்பூர் அனந்தராமன் ஐயர், ஒரு ஆபீஸ் குமாஸ்தா. வீடு கட்டும் வரை மனையை யாரும் வளைத்துப் போட்டுவிடக் கூடாதே என்று ஒரு வண்டி சவுக்குக் கட்டையை இறக்கி, சுற்றிலும் வேலி போடச் சொல்லிவிட்டுப் போனார். மூலையில் குடிசை போட்டுக்கொள்ளவும் இடம் விட்டார். வீடு எழும்புகிற வரைதான் வேலை என்பது பேச்சு.

1927 ஆவணியில் தங்கவேலுவுக்கும் அடையாற்றங்கரைத் தேவானைக்கும் கல்யாணம் நிச்சயமானது. பெண் வாயாடி. ஒழுகாத கூரையாக இருந்தால்தான் வருவேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். நம்ம ஆள் என்ன செய்தான்? ஐயர் இறக்கிய சவுக்கையெல்லாம் குடிசைக்குத் தூணாகவும் உத்திரமாகவும் வைத்துவிட்டான். வேலிக்கு, ஆற்றங்கரையில் கேட்பாரற்று வளர்ந்து கிடந்த நொச்சியை வெட்டிக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து வரிசையாக ஊன்றினான். தூரத்திலிருந்து பார்த்தால் சவுக்கு வேலிதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சவுக்கு வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

ஏரி மண் லேசுப்பட்டதா? ஐப்பசி மழை இறங்கியதும் கழி ஒவ்வொன்றும் தளிர்த்தது. சவுக்குக் கட்டை எப்படியடா இலை விட்டது என்று ஐயர் கேட்டால்? வேலையும் போகும், குடிசையும் போகும், புதுப் பெண்டாட்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும். தங்கவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் வேலியைச் சுற்றி வந்து இலையை உருவிப் போடுவதே அவன் பிழைப்பாகிவிட்டது. உருவ உருவ நொச்சி இன்னும் நாலு கிளை விட்டது.

தேவானைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உருவிப் போட்டதை அவள் வீணாக்கவுமில்லை. அரிசிப் பானையில் போட்டாள், வண்டு அண்டவில்லை. சாயங்காலத்தில் புகை போட்டாள், கொசு குறைந்தது. சளி பிடித்தபோது இலையைக் கொதிக்க வைத்து வேது பிடித்தாள். மிச்ச இலையை உலர்த்தித் தலையணையில் அடைத்து, கவலையில் மண்டை இடித்துக் கிடந்த புருஷனைப் படுக்க வைத்தாள்.

மாசிக்குள் அவன் கை ஓய்ந்துவிட்டது. வேலி ஆளுயரம் வந்து ஊதாப் பூவாகப் பூத்து நின்றது. நாள் முழுக்கத் தேனீக்களின் ரீங்காரம். தேன்சிட்டு ஒன்று கூடு கட்டித் தொங்கவிட்டது. மேய வந்த ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ஊன்றியவனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை நிம்மதியாக அனுபவிக்கப் பயம் விடவில்லை.

பங்குனியில் ஒரு ஜட்கா வண்டி வந்தது. அஸ்திவாரத்துக்கு நாள் குறித்துவிட்டு, மனைவி கோமளத்தோடு ஐயர் வந்திருந்தார். வண்டி நிற்பதற்குள் கோமளம் இறங்கி வேலிக்கு ஓடினாள். அவள் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். குளிக்கிற வெந்நீரில் போட நொச்சி இலை வேண்டுமென்று தினமும் ஆற்றங்கரைக்கு ஆளனுப்பி அலுத்துப் போயிருந்தாள் அந்தம்மாள். முந்தானையை விரித்துப் பறிக்க ஆரம்பித்தவள், புருஷன் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அனந்தராமன் வேலியைப் பார்த்தார். தங்கவேலுவைப் பார்த்தார்.

"ஏண்டா, நான் சவுக்குன்னா வாங்கிக் குடுத்தேன்? அது எங்கேடா?"

தங்கவேலு குடிசைப் பக்கம் பின்வாங்கினான். தேவானைதான் முன்னால் வந்தாள்.

"அது எங்க கூரையத் தாங்கிக்கினு கீது சாமி. என்னக் கட்டிக்கிறதுக்காவ இந்தாளு எடுத்துட்டாரு. இன்னைக்கே பிரிச்சுக் குடுத்துடறோம். வேலைய மட்டும் புடுங்கிடாத சாமி."

ஐயர் குனிந்து குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியை ஒரு சுற்று வந்தார். பாதி தூரத்தில் கிளை மாட்டிக்கொண்டு மேல்துண்டு போனது. அதை மீட்கப் போனவரைத் தேனீக்கள் விரட்டின. தலையெல்லாம் ஊதாப் பூவோடு வந்து நின்றார்.

"வீடு எழும்பினதும் உன்னை அனுப்பிடறதாத்தான் இருந்தேன். சவுக்கு வேலின்னா அப்புறம் ஆள் எதுக்கு? இதை மாசாமாசம் வெட்டலேன்னா நான் என் ஆத்துக்குள்ளேயே நுழைய முடியாது போலிருக்கே. இந்தக் காட்டை யார்டா வெட்டிண்டே இருக்கறது?"

தங்கவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐயர் திட்டுகிறாரா, கேட்கிறாரா என்று விழித்துக்கொண்டு நின்றான். தேவானைக்குப் புரிந்துவிட்டது. அவள் குடிசைக்குள் ஓடிப்போய் அரிவாளை எடுத்துவந்து புருஷன் கையில் திணித்தாள்.