ரெண்டுமே நல்லா இருக்குதும்மா

மகள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். பெரியது, அதைவிடப் பெரியது, எல்லாவற்றிலும் பெரியது என்பதையெல்லாம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பாடம். உன்னையும் உன் தோழியையும் ஒப்பிட்டு ஐந்து வாக்கியம் எழுது என்று கேள்வி. "ஹெல்ப் பண்ணும்மா" என்றாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன், கொல்லைக்குப் போனேன், திரும்பி வந்தேன். இருப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பாடத்தை நான் படித்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை படியேறி வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் என் வாய் தானாக 'டால், டாலர், டாலெஸ்ட்' என்று ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்தில் ஜமீலா. நான் வேலை பார்த்த பட்டுப் புடவைக் கடையிலும் அவள்தான் என் ஜோடி.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்கு 'மோர் பெட்டர்' என்றுதான் வரும். நல்லதை இரண்டு தரம் சொன்னால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று வாதம் வேறு. சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடியைத் தட்டித் தட்டி ஜமீலா திருத்துவாள். "பெட்டர்னாலே போதும்பா. அதுமேல ஏன் மோர் ஊத்தறே?"

எங்கள் கடையில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்துதான் வியாபாரம். ஒருத்தி மடிப்பைப் பிரிக்க, இன்னொருத்தி முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். எந்தப் புடவையையும் இன்னொன்றைவிட மட்டம் என்று வாயைத் திறக்கக் கூடாது. ஒன்றை இறக்கினால் இரண்டையும் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், "ரெண்டுமே நல்லா இருக்குதும்மா." ஜமீலா அதைச் சொன்னால் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஒருநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "கல்யாண சீசன் முடிஞ்சா ஒருத்திதான் வேணும். வெளிநாட்டுக்காரங்க வராங்க. இங்கிலீஷ் பேசறவ இருக்கட்டும்."

என் அப்பா படுத்த படுக்கை. ஜமீலாவுக்கு இரண்டு தங்கைகள். யாருடைய கஷ்டம் பெரிது என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சோதனைக்கென்று, புடவை எடுக்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாளை முதலாளி எங்கள் முன் உட்காரவைத்தார். பேசியதெல்லாம் ஜமீலாதான். நான் மடிப்புப் பிரித்தேன், நடுநடுவே "எஸ் மேடம்." புடவை எடுத்து முடித்ததும் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார், உங்கள் இருவரில் யார் கெட்டிக்காரி என்று.

"போத் ஆர் குட், மேடம்" என்றாள் ஜமீலா, புடவைக்குச் சொல்வதைப் போலவே.

"ஐ ஆம் பெட்டர் தேன் ஹர், மேடம்" என்றேன் நான். ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

"தைரியமா பேசறா. இவளே இருக்கட்டும்" என்றார் முதலாளி.

விரித்துப் போட்ட புடவைகளை ஜமீலா எதிர்முனை பிடித்து என்னோடு சேர்ந்து மடித்தாள். கடைசிப் புடவையை அடுக்கிய பிறகுதான் பேசினாள். "என்னாண்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்பா, நீதான் நல்லா பேசறேன்னு."

சீசன் முடிந்ததும் அவள் போனாள். நான் அங்கேயே வருஷக்கணக்காக இருந்தேன். பிறகு அந்தக் கடையும் மூடி, இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். சைக்கிள் கடை இடிந்து லாட்ஜ் ஆகிவிட்டது. ஜமீலாவின் குடும்பம் ஆற்காட்டுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். போய்த் தெருத்தெருவாக விசாரித்தேன், அங்கேயும் இல்லை. அவள்தான் என்னைவிட நன்றாகப் பேசுவாள். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இப்போது உங்களிடம் சொல்கிற மாதிரி. அவளிடம் சொல்ல முடியவில்லை.