சிஞ்ஞோரா எழுதிய ‘அ’

எங்கள் சமையலறை மேல்தட்டில் விளிம்பு நசுங்கிய ஒரு சில்வர் தட்டு இருக்கிறது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. ஒருமுறை மகள் அதில் பாஸ்தா போட வந்தபோது நான் போட்ட சத்தத்தில் அவளுக்குப் பசியே போய்விட்டது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பலர் முதல் எழுத்தை எழுதியது அந்தத் தட்டில் பரப்பிய அரிசியில்தான். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது பிள்ளைகளின் விரல்கள் அல்ல, மோதிரம் போட்ட, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விரல்.

தொண்ணூறுகளில் லிபெர்த்தா வீதியில் அந்த விரலுக்குரிய சிஞ்ஞோராவின், அதாவது எசமானி அம்மாவின், வீட்டில் வேலை செய்தேன். அவர் மாநகரசபை உறுப்பினர். சிசிலிய மொழியைப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய அரசியல் முழுவதும். சின்ன வயதில் அந்த மொழி பேசியதற்காக வகுப்பில் முழங்காலில் நிறுத்தப்பட்டவர். சபையில் எல்லோரும் திருத்தமான இத்தாலியனில் பேச, இவர் மட்டும் எழுந்து சந்தையில் பேசுகிற மாதிரிப் பேசுவார். சிலர் சிரிப்பார்களாம், சிலர் கோப்பி குடிக்கப் போய்விடுவார்களாம். சபை கூடுவதற்கு முதல் நாளே அந்தப் பேச்சை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் எனக்குப் பேசிக்காட்டுவார். என் கண்ணீர் முழுவதையும் தன் பேச்சின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வார். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

தமிழ் வகுப்புக்கு இடமில்லாமல் நாங்கள் வீடு வீடாக அலைவதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். யார் யாரிடமோ போய்ச் சண்டை பிடித்து, வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் சனிக்கிழமைகளுக்கு ஓர் அறை வாங்கித் தந்தார். அந்த நன்றியில் எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. விஜயதசமியை ஒட்டி வந்த சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு ஏடு தொடக்க அவரையே பிரதம விருந்தினராக அழைத்துவிட்டார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் யோசித்தவர்கள், பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பவருக்கு எழுத்துத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அந்த வாரம்தான் சிசிலிய மொழிக்கான அவருடைய தீர்மானம் சபையில் தோற்றிருந்தது. விழாவுக்குப் போகும் வழியில், திங்கட்கிழமை பதவியை விட்டுவிடப் போவதாகவும் இனி அந்த மொழியைப் பற்றி வாயே திறக்கப் போவதில்லை என்றும் சொன்னார். ஆறுதல் சொல்லும் அளவுக்கு என் இத்தாலியன் போதவில்லை.

பாயில் அவரை உட்கார வைத்து, என் நாலு வயது மகளை மடியில் இருத்தினோம். அப்போதுதான் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்கு விஷயம் உறைத்தது.

“ஐயோ, இவவுக்கு எங்கடை எழுத்துத் தெரியாதெல்லோ! இப்ப என்ன செய்யிறது?”

சிஞ்ஞோரா எங்கள் முகங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். சுட்டுவிரலை என் பக்கம் நீட்டினார். “முதல் எனக்குக் காட்டு,” என்றார்.

நாள்தோறும் அவர் வீட்டு நிலம் துடைக்கிற கையால் அந்த விரலைப் பிடித்து ‘அ’ எழுதினேன். பிறகு அவர் என் மகளின் விரலைப் பிடித்து எழுதினார். கோணல்மாணல்தான், ஆனாலும் ‘அ’தான். மகள் நிமிர்ந்து பார்த்து, கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் பழகிய சிசிலியத்தில், “வடிவா வந்திருக்கு, இன்னொருக்கா எழுதுவம்” என்றாள். வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் அதட்டுவோம். சபையில் ஒருவர்கூட அந்த மொழியில் அவருக்கு மறுமொழி சொன்னதில்லை. அவர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை அவர் பதவியை விடவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார், அதற்கடுத்ததிலும் தோற்றார். ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை மீனவர்களிடமும் அவர்கள் பேச்சிலேயே போய் வாக்குக் கேட்டார். மீன் நிறையக் கொடுத்தார்கள், வாக்குத்தான் குறைவு. பதவி போன பிறகும் பேசுவதை அவர் விடவில்லை. அந்த அறை இன்றும் எங்களிடம் இருக்கிறது. என் மகள் இன்று என்னோடு தமிழில் சண்டை பிடிக்கிறாள் என்றால், அதற்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அவருக்குத்தான்.

போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். இப்போது நடமாட்டம் குறைவு. “அந்தத் தட்டைக் கொண்டு வா,” என்றார். கொண்டுபோய் அரிசியைப் பரப்பினேன். தன் பேத்தியை மடியில் இருத்தி, அவள் விரலைப் பிடித்து ‘அம்மா’ என்பதைச் சிசிலியத்தில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் விரலைப் பிடிக்காமலே, பக்கத்தில் ஓர் ‘அ’ எழுதினார். அன்றைக்குப் போலவே கோணல்.