தாமதமாக வந்த சூப்பர் ஹீரோ

பள்ளி ஆண்டு மலருக்கு வரும் கதைகளைத் திருத்துவது என் தலையில் விழுந்த வேலை. தமிழாசிரியை என்றால் இதையெல்லாம் செய்யத்தான் வேண்டும் என்று தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார். அந்த வருடம் வந்த கதைகளில் பாதிக்கு மேல் சூப்பர் ஹீரோக்கள். எல்லாரும் பறந்தார்கள், எல்லாரும் உலகத்தைக் காப்பாற்றினார்கள். எங்கள் அரியலூரைக் காப்பாற்ற ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு கதைக்கு ஒரு பக்கம்தான் இடம். வெட்டுவதற்கு நான் தயங்கியதே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொடுத்த கதையில் மட்டும் ஹீரோ ஒரு பெண். ரெட்டைச் சடை, பள்ளிச் சீருடை, விக்கிரமங்கலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரி ஒன்று, மொபெட்டில் போகும் பெரியவரை இடிக்கப் போகிறது. ஒற்றைக் கையால் லாரியை நிறுத்திவிடுகிறாள். இது நாலே வரி. மீதிப் பக்கம் முழுக்க லாரி டிரைவர். அவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வருகிறார், சனங்கள் அடிக்க ஓடி வருகிறார்கள், அவள் தடுக்கிறாள், பெரியவர் தண்ணீர் குடிக்கிறார்.

டிரைவர் பகுதியைச் சிவப்பு மையால் ஒரேயடியாக அடித்தேன். 'வில்லன் வேண்டும். டிரைவர் குடித்துவிட்டு ஓட்டலாம்' என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்த வாரம் கதை திரும்பி வந்தது. டிரைவர் ரோட்டோரக் கடையில் மோர் குடித்துவிட்டு வண்டியை எடுத்திருந்தார். நான் அடித்ததெல்லாம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சொன்னதைக் கேட்காத பிள்ளைகளைவிட, கேட்டதுபோல் காட்டுகிற பிள்ளைகள் மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டேன்.

"லாரியத்தான் நிறுத்திட்டாளே. யாருக்கும் அடிபடல. அப்பறம் சனங்க எதுக்கு அந்த ஆள அடிக்க வராங்க?"

அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"டிரைவர எடுத்துடு. கதை சரியாயிடும்."

"அவர எடுத்துட்டா கதையே வேணாம் டீச்சர்."

பிறகுதான் சொன்னாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். போன வருடம் ஒரு மொபெட்டில் இடித்துவிட்டார். அதில் வந்த பெரியவர் கால் உடைந்தாலும் பிழைத்துக்கொண்டார். அப்பா இறங்கியதும் டீக்கடைக் கூட்டம் கட்டையோடு ஓடி வந்திருக்கிறது. அவர் முந்திரிக் காட்டுக்குள் ஓடித் தப்பி, அப்புறம் தானாகவே போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றிருக்கிறார். இதையெல்லாம் அவள் பாடம் ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னாள்.

"தண்ணி பாட்டிலோடதான் டீச்சர் எறங்குனாரு. அது யாருக்கும் தெரியாது. 'அடிச்சுப் போட்டுட்டு ஓடுனவன் பொண்ணு'ன்னுதான் பஸ்ஸுல சொல்றாங்க."

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் ஆறுதல் சொல்ல எனக்கு வராது, திருத்தத்தான் வரும்.

"அப்ப லாரிய நிறுத்தாத" என்றேன். "இடிக்கட்டும். அவ லேட்டா வரட்டும்."

"சூப்பர் ஹீரோ லேட்டா வந்தா சிரிப்பாங்க டீச்சர்."

"நம்ம டவுன் பஸ்ஸுல வந்தா யாரா இருந்தாலும் லேட்டுதான்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் முறை எழுதிய கதையில், ஹீரோப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பெரியவர் கீழே கிடக்கிறார். டிரைவர் பாட்டிலோடு நிற்கிறார், ஓடலாமா என்று காட்டுப் பக்கம் பார்க்கிறார். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தின் முன்னால் நிற்கிறாள். ஒருவராலும் அவளைத் தாண்ட முடியவில்லை. "ஓடாதீங்கண்ணே, தண்ணியக் குடுங்க" என்கிறாள், திரும்பிப் பார்க்காமலே. அதற்குப் பிறகு இருந்த இரண்டு வரி பக்கத்தில் அடங்கவில்லை, எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் நின்றால்தான் கதைக்கு அழகு என்று எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

மலர் வெளிவந்த பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். எல்லாரும் கிளம்பும்வரை வராந்தாத் தூணோரமே நின்றிருந்தார். கையில் மலரைச் சுருட்டிப் பிடித்திருந்தார். என்னிடம் வந்தபோது நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கதையப் படிச்சேங்க டீச்சர். அந்தப் பெரியவரு தண்ணிய வாங்கிக் குடிச்சாருங்களா? அதுல போடலயே."

"குடிச்சாருங்க" என்றேன். "உங்க பொண்ணு எழுதியிருந்தா. எடம் பத்தலன்னு நான்தான் எடுத்துட்டேன்."

அவர் சுருட்டியிருந்த மலரைப் பிரித்து அந்தப் பக்கத்தை என் முன்னால் நீட்டினார்.

"அத மட்டும் இதுல எழுதிக் குடுத்துடுங்க டீச்சர்."

என்னிடம் சிவப்புப் பேனாதான் இருந்தது. பரவாயில்லை என்றார். பக்கத்தின் அடியில் எழுதிக் கொடுத்தேன்: பெரியவர் டிரைவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தார்.