உதைக்க மறுத்த முழங்கால்

மருந்தே இல்லாத ஊசியைக் குத்துகிறவனை ஊர் ஏற இறங்கப் பார்க்கத்தான் செய்யும். எழுபதுகளில் மயிலாப்பூரில் அக்குபங்சர் அறை திறந்து இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். சந்தேகப் பிராணிகளிடம் மாட்டிக்கொண்டு பிழைக்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

வலி ஓரிடம், ஊசி வேறிடம்

தெற்கு மாடவீதி மாமிக்குத் தீராத தலைவலி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குத்தினேன். வலி குறைந்ததாக முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. "தலையை வலிக்கறதுன்னு வந்தா கையைக் குத்தறேளே, முழுசாப் படிச்சுட்டுத்தான் வந்தேளா?"

முதலாளியின் கெடு

சுடலைமுத்து தி.நகர் துணிக்கடையில் சேலை விற்பவர். இடுப்பு பிடித்து இடது கால் மரத்துவிட்டது. வேவு பார்க்க முதலாளியும் கூடவே வந்தார். முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால், மூளையைக் கேட்காமலே கால் எகிற வேண்டும். எகிறவில்லை. நல்ல காலான வலதும் சும்மா இருந்தது. சுத்தியல் மேலேயே சந்தேகம் வந்து என் முட்டியில் தட்டிப் பார்த்தேன், நன்றாக உதைத்தது. ஒன்றும் விளங்காமல் ஊசியைக் குத்தினேன்.

"அடுத்த வெள்ளிக்குள்ள காலு அசையலைன்னா இவனை ஊருக்கு ரயிலேத்திருவேன், டாக்டரே. சேலைக் கடையில நொண்டிக்கிட்டு நிக்க முடியாதுல்லா."

வெள்ளிக்கிழமை

சுடலைமுத்து சுவரைப் பிடிக்காமலே படியேறி வந்தார். மரப்பும் போய்விட்டதாம். தட்டினேன். அசைவில்லை. "வேலை போயிரும்னு குணமான மாதிரி நடிக்கான்" என்று முதலாளி முணுமுணுத்தார். ஒரு மனிதனின் பிழைப்பு என் சுத்தியலில் தொங்குகிறதே! அப்போதுதான் தொடையைத் தொட்டேன். கல்லாக இறுகியிருந்தது.

"ஏன் காலை இப்படிப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"நீங்க எதுத்தாப்புல உக்காந்திருக்கியளே ஐயா, காலு உங்க மேல பட்டா பாவம்லா?"

நான் பக்கவாட்டில் நகர்ந்தேன். கவனம் காலை விட்டுப் போகட்டும் என்று, இரு கை விரல்களையும் கோத்து இழுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கச் சொன்னேன். என்ன மோசடி என்று பார்க்க முதலாளி குனிந்தார். தட்டினேன். கால் அவர் தாடையில் போய் நின்றது. சுடலைமுத்து பதறிப்போய் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலாளி தாடையைத் தடவினார்.

"சரி, நாளைக்குக் கடைக்கு வந்துரு. ஆனா டாக்டரை உதைக்காத காலு, என்னையப் பாத்ததும் மட்டும் ஏன்ல உதைக்குது?"

குணமாக்கியது ஊசியா, காலமா என்பதில் எனக்கே இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் மரியாதை தெரிந்தவர் முட்டியை எதிரில் உட்கார்ந்து தட்டக்கூடாது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.