கடைசி ஓவர்

டோல்கேட் பக்கத்தில் எங்கள் ஏரியா கிரிக்கெட் டீம் மூன்று ஞாயிறு தொடர்ந்து கடைசி ஓவரில் தோற்றது. மூன்று முறையும் பந்து போட்டவர் ஒரே ஆள். யார்க்கர் போடப்போய் ஃபுல்டாஸ் போடுவார். அடிபட்ட பந்து கிரவுண்டு மதிலைத் தாண்டி, ரோட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விழும்.

நான்காம் ஞாயிறும் டீம் செயலாளர் அவருக்கே கடைசி ஓவரைக் கொடுக்கச் சொன்னார். மதில் மேல் உட்கார்ந்திருந்த நான் கத்தினேன்.

“வேற ஆளே இல்லியா நைனா? யாருக்குனா மாத்திக் குடு.”

செயலாளர் திரும்பினார். “இன்னாம்மா, அது உன் வூட்டுக்காரரு.”

“எனக்குத் தெரியாதா? வூட்ல அவருக்கு சோறு போடுறேன். இங்க பந்து குடுக்காதன்றேன்.”

கொடுத்தார்கள். நான்காவது பந்திலேயே தோற்றோம். பெண்களை கிரவுண்டுக்குள் விட்டதுதான் தப்பு என்று செயலாளர் என் காதுபடச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தோம். தெருமுனை வந்ததும் என் கணவர் சொன்னார்: “அடுத்த வாரம் நீ வராத.”

“வருவேன். உன் கைல பந்து குடுத்தா இன்னும் சத்தமா கத்துவேன். நீ என்னைக் கட்டிகினு வந்தப்புறம்தான் இந்த டீமுக்கு வந்த. நான் பாவாட சட்ட போட்ட வயசுலர்ந்து அந்த மதில் மேல குந்திகினுகீறேன்.”